பூ கேட்ட ஊர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

திண்டிவனம் ஆபீசில் உங்களுக்குப் பயிற்சி நடக்கிறது, வந்து கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்கு இருமல் வந்துவிடும். பிறர் பேச்சை மொழிபெயர்த்தே காலம் போனதால், சொந்தமாகப் பேசும் பழக்கம் விட்டுப்போயிற்று. எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். ஆங்கிலம்கூட, ஒரு வெளிநாட்டுச் சாமியாரிடம் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது காதில் விழுந்து ஒட்டிக்கொண்டதுதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சின்னப் படகும் வலையும் மீன் கூடையும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்குக் கரையிலும் கடலிலும் உரிமை உண்டு என்று வெளிநாட்டுச் சபைகளில் சொல்வது நம் வேலை. சேர்ந்த புதிதில் இந்த வேலை விமானத்திலும் பெரிய கட்டடங்களிலும் நடப்பதுபோலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

முதலில் ஒரு செருப்புக் கதை சொல்லிவிடுகிறேன். ரோமாபுரியில் ஒரு கூட்டம். நம் கரையிலுள்ள ஒரு குப்பத்தின் பஞ்சாயத்துத் தலைவரை அழைத்துப் போயிருந்தேன். பயணத்துக்கென்று கோட்டக்குப்பத்தில் புது ஷூ வாங்கியிருந்தார். அவர் முறை வந்ததும் ஷூவைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மைக்குக்கு நடந்தார். சபைத் தலைவி என் காதுக் கருவியில், இது எதிர்ப்பைக் காட்டும் செயலா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், அடுத்துப் பேச இருந்த ஆப்பிரிக்க மீனவர் ஒருவர் தன் ஷூவையும் கழற்றிவிட்டார். மண்டபமே கைதட்டியது.

வெளியே வந்ததும் தலைவரிடம் கேட்டேன்.

"ஊர்க் கூட்டத்துல எவனாவது செருப்பு போட்டுக்கினு பேசுவானா?" என்றார்.

"இது ஊர் இல்லையே தலைவரே."

"இத்தினி பேரு குந்திக்கினு இருக்காங்க. ஊரு இல்லாம இன்னா இது, ஓட்டலா?"

நான் சிரித்தேன். மறுநாள் அவரைப் போப்பாண்டவரின் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசை கண்டுவிட்டு வந்தேன். அவர் சொன்னதன் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. ஊர் கூடிய இடத்தில் ஒருவர் பேசினால் அது அவருடைய சொந்தப் பேச்சு இல்லை, ஊருடைய பேச்சு. இது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோலச் சாதாரணம். எனக்கு உறைக்க ஒரு வெள்ளிக்கிழமை வேண்டியிருந்தது.

அதே தலைவர், அதே குப்பம். குப்பத்துக்குத் தெற்கே ஒரு துறைமுக வேலை ஆரம்பித்திருந்தது. கடலுக்குள் கல் கொட்டி நீட்டிக்கொண்டு போனார்கள். நம் கரையில் அப்படிக் கல் நீண்டால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே மணல் போகும். இவர்கள் வடக்கே இருக்கிறவர்கள். படகை ஏற்றி வைக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடலைப் பார்த்த முதல் வரிசை வீடுகளின் வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு கல் வரிசையும் போட்டால் கரையே இருக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அந்தத் துறைமுகத்துக்கு ஒரு வெளிநாட்டு வங்கி கடன் கொடுத்திருந்தது. அந்த வங்கிக்குள்ளேயே புகார் கேட்கும் பிரிவு ஒன்று இருந்தது. தங்கள் கடனால் பாதிக்கப்பட்டவர்கள் நேராக எழுதலாம். இரண்டு விதிதான். பாதிக்கப்பட்டவர்களில் குறைந்தது இருவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். கடன் கணக்கை மூடுவதற்கு முன்னால் புகார் வந்துசேர வேண்டும். மூடுகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அவர்கள் ஆபீஸ் பூட்டும் நேரம் என்றால் நமக்கு விளக்கு வைத்து ஒரு நாழி ஆகியிருக்கும்.

புகாரை எழுதித் தயாராக வைத்திருந்தவர் இங்க்ரிட் என்ற வெளிநாட்டு வக்கீல். நம் பக்கத்துக்குப் பலமுறை வந்தவர், கருவாட்டுக் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர். பெயரும் கையெழுத்தும்தான் பாக்கி.

கடைசி நாள் வரைக்கும் ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊர் அம்மனிடம் பூ கேட்டுத்தான் பதில் சொல்வோம் என்றார்கள். பூ கேட்பது வெள்ளிக்கிழமையில் மட்டும். ஊரில் சாவு விழுந்தால் தீட்டு, கேட்க மாட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு சாவு. இதைச் செயல்திட்ட அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது.

அன்று காலை திண்டிவனத்தில் திருப்பலி முடித்துவிட்டு, மரக்காணம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கோயில் கடலைப் பார்த்து இருக்கும். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, நான் ஒரு படகு நிழலில் ஒதுங்கி நின்றேன். நான் ஆண்டவரிடம் பூ போட்டுக் கேட்கிறவன் இல்லை. எங்கள் வேதத்தில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாக்கெட்டில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி அரளிப் பூவை நனைத்து அம்மனின் வலத்தோளில் ஒன்றும் இடத்தோளில் ஒன்றும் ஒட்ட வைத்தார். வலது பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் கூடாது.

கற்பூரம் பாதி எரிவதற்குள் இடது பக்கப் பூ விழுந்தது.

எல்லோரும் லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். தலைவர் என்னிடம் வந்தார்.

"கூடாதுன்னு சொல்ட்டா அந்தோணி. ஒரு டீ குடிச்சுட்டுக் கெளம்புங்க."

குப்பத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு மேட்டில்தான் டவர் கிடைக்கும். அங்கே போய் இங்க்ரிட்டுக்குப் போன் செய்தேன். ஊர் வேண்டாம் என்றுவிட்டது என்றேன். யார் முடிவு செய்தது என்றார். இடது பக்கப் பூ விழுந்தது என்றேன். அவர் கேலி செய்யவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தோணி, முழு ஊரும் வேண்டியதில்லை. புகார் கொடுக்க விரும்புகிற இரண்டே பேர் அங்கே இருக்கிறார்களா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஒருவர் பின்னால் நிற்கிறார். முதல் வரிசையில் தெற்கோரத்து வீட்டுக்காரர். ஃபைபர் போட்டில் தொழில் செய்கிறவர். போன மழையில் அவர் வீட்டின் கடல் பக்கத்துச் சுவர் போய்விட்டது. தார்ப்பாய் கட்டி, உள் அறையில் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் படுக்க வைத்திருந்தார்.

"பேனா குடுங்கண்ணே," என்றார்.

"எதுக்கு?"

"ரெண்டு பேரு போதும்னு தானே அந்தம்மா வந்தப்பவே சொல்லிச்சு. நான் ஒண்ணு, எங்க மச்சான் ஒண்ணு. ஜல்தியா போட்டுடறோம், அனுப்பிடுங்க."

"ஊர் கூடாதுன்னு சொல்லியிருக்கு. கட்டுப்பாடு போட்டுடுவாங்க."

"தெரியும். வலை இழுக்கக் கூப்ட மாட்டாங்க. எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டாங்க. கொழாயில தண்ணி புடிக்க வுட மாட்டாங்க. கடலே வூட்டுக்குள்ள வந்துக்கினு இருக்குது, தண்ணிக்கு இன்னா பேஜாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சட்டப்படி அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் பாதிக்கப்பட்டவர், வயது வந்தவர், தன் வீட்டைக் காப்பாற்ற நினைக்கிறவர். எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என் சட்டைப் பையில் பேனா இருக்கிறது. என் போனுக்காக ஒரு வக்கீல் காத்திருக்கிறார். பொழுது சாய்ந்தால் கதவு மூடிவிடும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பயிற்சியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பதில் வராது.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பழைய ஆபீஸ் பொறுப்பாளர். அதிகம் பேசாதவர். ரயிலில் போகும்போது ஒருமுறை சொன்னார்: "நாம சுமந்துகொண்டு போறது அடுத்தவங்க வார்த்தையை. யாரோட வார்த்தைன்னு தெரியாம மூட்டை கட்டிடாதே." அன்று அது ஞாபகம் வந்தது. அதைவிட, மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பது கண்ணில் தெரிந்தது. இரண்டு பேர் கையெழுத்து மட்டும் போனால், கான்ட்ராக்டர் அதே ஊரைக் கூப்பிட்டு, உங்கள் சாமியே வேண்டாம் என்றதை மீறி இவர்கள் செய்தார்கள் என்பான். விசாரிக்க வரும் அதிகாரியின் கண்ணுக்கு இரண்டாக உடைந்த ஊர் தெரியும். இந்த மனிதர் நடுவில் தனியாக நிற்பார். நான் பஸ் ஏறித் திண்டிவனம் போய்விடுவேன்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

"இன்னும் எத்தினி நாழி?"

"தெரியலை. தலைவரைப் பாத்துட்டு வர்றேன்."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, தோப்பு ஓரத்திலேயே குந்திவிட்டார்.

மேட்டிலிருந்து இறங்கும்போது ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன். நடுவில் என் மனைவியின் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் நான் பொத்தாம்பொதுவாக வேண்டிக்கொண்டால் அவளுக்குப் பிடிக்காது. "பையனுக்கு நல்லது செய்யுங்கன்னா அவருக்கு இன்னா புரியும்? எந்த வேலை, எந்த ஊருன்னு தெளிவாச் சொல்லுங்க. அவருக்கும் ஆயிரம் பேரு வந்து நிக்கறாங்க இல்ல," என்பாள். பாதி மங்கள வார்த்தை ஜெபத்தில் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இவர்கள் அம்மனிடம் என்ன கேட்டார்கள்? வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள், படகு நிழலில் நின்ற என் காதில் அது விழவில்லை. புகார் கொடுக்கலாமா என்று கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். இங்க்ரிட்டுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.

தலைவர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகள், மீன் விற்கிறவர், மரக்காணம் சந்தைக்குப் போய்வந்த கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, அம்மாகிட்ட இன்னா சொல்லிக் கேட்டீங்க?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது இன்னாத்துக்கு உங்களுக்கு? நீங்க உங்க மாதாகிட்ட கேக்கறத நான் வந்து கேட்டனா?"

மீன்காரம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லேன் மாமா. ரகசியமா இன்னா? ஊரே கேக்கத்தான கத்திக் கேட்டீங்க."

"ஊர்ல யார் பேரையாச்சும் வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் குடுக்கலாமான்னு கேட்டோம்," என்றார் தலைவர். "கூடாதுன்னுட்டா. கரெக்டுதான் சொன்னா."

ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பது எனக்குச் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். இதற்கு முன்னால் கல் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தபோது கீழே இரண்டு பேர் பெயர் போட்டிருந்தார்கள். யாரோ அந்தப் பெயர்களைக் கான்ட்ராக்டரின் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீடு தேடி வந்தார்கள். அந்த இருவரில் ஒருவர், கை உடைந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் இந்த மீன்காரம்மாவின் கணவர்.

"அந்தக் கை இன்னும் கயிறு புடிக்க மாட்டேங்குதுண்ணே," என்றார் அவர். "பேரு எழுதின கை."

நான் தலைவரைப் பார்த்தேன். "புகார் போகலாமா, வேணாமான்னு கேக்கலையா?"

"அதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? புகாரு வேணும்னு தான் ஊரே சொல்லுது. வேணுங்கறத எதுக்கு அவகிட்டக் கேட்டுக்கினு?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது: அப்படியானால் மறுபடி கேளுங்கள், ஊர் பேரில் போகலாமா என்று கேளுங்கள். சொல்லவில்லை. அவர்கள் அம்மனிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தால், அதற்குப் பிறகு வருகிற பதிலில் என் விரல் பட்டிருக்கும். எதிராளி நாளைக்கு அதைத்தான் சொல்வான். ஊரும் ஒருநாள் சொல்லும். இந்த வேலையில் நான் செய்தவற்றிலேயே கஷ்டமானது அன்று அந்த ஐஸ் பெட்டி பக்கத்தில் சும்மா நின்றதுதான்.

மீன்காரம்மா மடியிலிருந்து அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு கை எடுத்து எனக்குக் கொடுத்தார். தானும் ஒன்றை உரித்தார். உரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப பேரு இல்லாம போவுட்டுமே மாமா. ஊருக்குன்னு ஒரு பேரு இருக்குது இல்ல?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஆள் பேரு இல்லாம எடுப்பானா?"

"எடுக்காமலும் போகலாம்," என்றேன். "ரெண்டு பேர் பேரு வேணுங்கறது அவங்க விதி."

அவர் நெடுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கோயில் மணியை அடித்தார்.

ஊர் முனகிக்கொண்டே வந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை கேட்கலாமா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். கேள்வி வேறு, கேட்கலாம் என்றார் பூசாரி. ஆள் பெயர் எதுவும் இல்லாமல் ஊர் பெயரால் புகார் போகலாமா என்று தலைவர் கேட்டது இந்த முறை என் காதிலும் விழுந்தது. வலத்தோளில் ஒரு பூ, இடத்தோளில் ஒரு பூ.

பூ விழவில்லை.

கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். அதுவும் அணைந்தது. கடற்காற்று நன்றாக வீசியது. இரண்டு பூவும் ஒட்ட வைத்ததுபோலவே இருந்தன. என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. வெயில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கிவிட்டது. முதல் வரிசை வீட்டுக்காரர் கூட்டத்தின் கடைசியில் வந்து குந்தியிருந்தார். அவர் அம்மனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பூசாரி சொன்னார்: "அம்மா பேசல."

"பேசலன்னா வேணாம்னுதான் அர்த்தம்," என்றார் ஒருவர்.

"வேணாம்னா எடது பக்கம் தள்றதுக்கு அவளுக்கு இன்னா கை வலிக்குதா?" என்றார் மீன்காரம்மா, பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து. "காலையில தள்ளினவதான?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். பூ நின்றுவிட்டால் ஊர் பொறுப்பு என்பது அந்த ஊர் வழக்கம். அம்மன் தங்களிடமே விட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் பலருக்கு மறந்துபோயிருந்தது.

தலைவர் எழுந்து நின்று, ஊர் சம்மதமா என்று கேட்டார். ஒவ்வொரு பக்கமாகச் சம்மதம் வந்தது. எல்லாம் வந்த பிறகும் அவர் உட்காரவில்லை. கடைசியில் குந்தியிருந்தவரைக் கூப்பிட்டார்.

"டேய், நீ சொல்லுடா. உன் வூடுதான் முன்னாடி நிக்குது."

அவர் எழுந்தார். "ஆள் பேரு இல்லன்னா தள்ளிடுவாங்க மாமா."

"தள்ளலாம்."

"தள்ளிட்டா?"

கேட்டவர் தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"சரி. சம்மதம்," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார்.

தலைவரையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். இங்க்ரிட் முதல் மணியிலேயே எடுத்தார். புகார்தாரர் என்ற இடத்தில் ஊர் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன்.

"இரண்டு பெயராவது வேண்டும் அந்தோணி. வெளியே தெரியாமல் மூடி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு வழி இருக்கிறது."

தலைவரிடம் சொன்னேன். "மூடி வச்சாலும் பேரு பேருதான். அம்மா காலையிலயே சொல்ட்டா," என்றார்.

"ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்," என்றார் இங்க்ரிட். "வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன், இது தவறான முடிவு."

"இருக்கலாம். ஆனால் ஊர் எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான்."

அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. பெயர் இல்லாததற்குக் காரணமாக என்ன எழுதட்டும் என்று கேட்டார். தலைவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். "இதை எங்க ஊரு சொல்லுது. கல்லு கொட்டாதீங்க. யாரு சொன்னதுன்னு தெரியணும்னா வந்து பாருங்க. எல்லாரும் இங்கதான் இருப்போம்." அவ்வளவுதான். அலங்காரமாக ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. அவர்கள் ஆபீஸ் பூட்டுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தது என்று இங்க்ரிட் செய்தி அனுப்பினார்.

தள்ளவில்லை. ஏற்கவும் இல்லை. பெயரில்லாத புகாரைப் பதியலாமா என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் ஐப்பசி மழை வந்தது. ஒரு விடியற்காலையில் முதல் வரிசையின் தெற்கோரத்து வீடு போய்விட்டது. முன்னமே பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. போன் வந்ததும் போனேன். தரை மட்டும் பாதி இருந்தது. அதன்மேல் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வலைகளை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

பொங்கல் கழித்து வங்கியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். புகார்தாரரைப் பார்க்க வேண்டும் என்றார். ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவர்களில் இருவரைக் காட்டுங்கள் போதும் என்றார். என்னால் முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. தானே கரையோரமாக நடந்து அந்தப் பாதித் தரைவரை போனார். அங்கே நின்றிருந்தவரிடம், இது உங்கள் வீடா, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எம் பேரு எதுக்கு சார்?" என்றார் அவர். "ஊரு பேருதான் எழுதியிருக்குது இல்ல?"

அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி அந்தத் தரையைப் படம் எடுத்துக்கொண்டார்.

புகார் பதிவானது. அடுத்த கல் வரிசைக்கு வங்கி புதுக் கடன் கொடுக்கவில்லை. வேலை அந்தக் குப்பத்துக்குத் தெற்கேயே நின்றுவிட்டது. போன மணல் முழுக்கத் திரும்பவில்லை. ஆனால் படகை இன்னும் கரையில்தான் ஏற்றுகிறார்கள். இப்போது வெளிநாட்டுக் கூட்டங்களில், ஆள் பெயர் இல்லாமல் ஒரு ஊரே புகார் கொடுக்கலாம் என்பதற்கு இதை எடுத்துக் காட்டுகிறார்கள். நீங்களும் உங்கள் பயிற்சித் தாளில் படித்திருப்பீர்கள். அதில் பூ இருக்காது. அந்த வீடும் இருக்காது.

அன்று மத்தியானமே பேனாவைக் கொடுத்திருந்தால் புகார் அடுத்த வாரமே பதிவாகியிருக்கும், மழைக்கு முன்னால் ஏதாவது நடந்திருக்கலாம் என்று இங்க்ரிட் ஒருமுறை சொன்னார். நடக்காமலும் போயிருக்கலாம் என்றும் அவரே சொன்னார். எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் எந்த விலையும் கொடுக்கவில்லை. கொடுத்தவர் வேறொருவர். நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு மேட்டில் போனை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். சரியானதையே செய்வீர்கள் என்று நம்புகிறேன். செய்த பிறகு, அதற்கு யார் கொடுத்தார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் கைதட்டும்போது அவர் முகம் ஞாபகம் இருந்தால், பேச்சு அளவாக வரும்.

அவர் இப்போது ரோட்டுப் பக்கம் வாடகைக்கு இருக்கிறார். இன்ஜின் சாமான் வாங்கத் திண்டிவனம் வந்தால் வீட்டுக்கு வருவார். என் மனைவி டீ போட்டுக் கொடுப்பாள். போன முறை, சுவரில் இருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"காணாம போனதையெல்லாம் உங்க சாமி தேடிக் குடுப்பாராமே. எங்க வூட்டக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கண்ணே."

"எந்த வீடுன்னு தெளிவாச் சொல்லிக் கேளுங்க," என்றாள் என் மனைவி.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்கிறேன். முதல் வரிசை, தெற்கோரம் என்று சொல்லித்தான் கேட்கிறேன்.

இது எந்தக் குப்பம் என்று நீங்கள் ஆபீசில் கேட்பீர்கள். தலைவர் யார், அந்த மீன்காரம்மா யார் என்று கேட்பீர்கள். ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை. ஒருவரும் சொல்லவும் மாட்டார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் அம்மன் பதில் சொல்லவில்லை. ஆள் பெயர் எழுதலாமா என்ற முதல் கேள்விக்கு விழுந்த பூ இன்னும் இடது பக்கத்தில்தான் கிடக்கிறது.